செவ்வாய்க்கிழமை வாழைப்பழ அப்பம்

கம்பம் பள்ளத்தாக்கில் நெய்யைத் தொட்டுக்கொண்டவர்கள் உண்டு, உருக்கி ஊற்றிக்கொண்டவர்கள் உண்டு. ராயப்பன்பட்டி வண்டிக்கார மரிய ஜோசப்பைப் போல நெய்யோடு குடித்தனம் நடத்தியவன் ஒருவனும் கிடையாது. சோற்றில் குழி பறித்து நெய் விடுவது உலக வழக்கம். அவன் கிண்ணத்தில் நெய்யை விட்டுக்கொண்டு அதில் சோற்றைப் போடுகிற ரகம். கல்யாண வீடுகளில் நெய்ச்செம்பு தூக்குகிறவன், மரிய ஜோசப் எந்தப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறான் என்று பார்த்துவிட்டு எதிர்ப் பந்தியிலிருந்து ஆரம்பிப்பான். இல்லாவிட்டால் மற்றவர்களுக்குச் செம்பு காலி.

அவனுக்கு வாக்கப்பட்டு அனுமந்தன்பட்டியிலிருந்து வந்தவள் ரோசம்மாள். ஆள் குள்ளம், கை வேகம், வாய் அதைவிட வேகம். வந்த நாளிலிருந்து விடிய எழுந்து மத்து இழுத்து, வெண்ணெய் திரட்டி, வாரம் ஒரு முறை முருங்கை இலை போட்டு நெய் உருக்குவதே அவளுக்குப் பாதி வாழ்க்கையாக இருந்தது. பிள்ளைகள் இரண்டு பிறந்தன, இரண்டும் தங்கவில்லை. அதன் பிறகு வீட்டில் இவர்கள் இரண்டு பேர், இரண்டு வண்டி மாடு, ஒரு கறவைப் பசு. ஒருவருக்கொருவர்தான் எல்லாம் என்று ஆகிப்போனது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்துமூன்றாம் வருஷம் ஏலக்காய் எடுப்புக்கு ரோசம்மாள் மலைக்குப் போனாள். கார்த்திகையில் இறங்கி வரும்போது கூலியோடு மலைக்காய்ச்சலையும் கொண்டுவந்தாள். உத்தமபாளையத்திலிருந்து வாங்கி வந்த கசப்புக் கொயினா மாத்திரை உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளிர் வந்து, கட்டில் கால் தரையில் தாளம் போடும்படி உடம்பு ஆடியது. எட்டாம் நாள் பேச்சு நின்றது. பங்குச் சாமியார் வந்து, சாகக் கிடப்பவர்களுக்குப் பூசுகிற அவஸ்தைத் தைலத்தைப் பூசிவிட்டுப் போனார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து சனங்கள் எழும்புகிற நேரம், மரிய ஜோசப் அந்தோனியார் சுரூபத்துக்கு முன்னால் தடாலென்று விழுந்தான்.

"அந்தோனியாரே! எம் பொண்டாட்டிய எந்திரிக்க வச்சிரும். எனக்கு உசுருள்ள மட்டும் மாட்டுப் பண்டம் ஒண்ணு தொடமாட்டேன். பாலு வேணாம். தயிரு வேணாம். மோரு வேணாம். வெண்ணெ வேணாம்..."

அத்தோடு நின்றான். கோயிலில் ஓர் ஆள் நகரவில்லை. அடுத்த சொல் என்னவென்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் அது அவன் வாயிலிருந்து வருமா என்பது யாருக்கும் தெரியாது.

"நெய்யும் வேணாம்," என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதான்.

மூன்றாம் நாள் ரோசம்மாளுக்குக் காய்ச்சல் விட்டது. கண்ணைத் திறந்தவள் முதலில் கேட்டது ஒரு வாய் மோர். மரிய ஜோசப் தூக்குச்சட்டியை ஒரு கையால் நீட்டி, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு நின்றான். பத்துப் பன்னிரண்டு நாள் படுக்கையில் கிடந்ததில் தன் முகம் அவ்வளவு விகாரமாகிவிட்டதோ என்று அவள் நினைத்தாள்.

அவன் வேண்டிக்கொண்ட நேர்ச்சை விஷயத்தைச் சொன்னவள் அவனுடைய அக்காள் சவரியாயி. மூன்றாவது வீட்டில் தனியாக இருக்கிற கைம்பெண். அந்தோனியாரின் வரவு எதிலும் ஒரு குன்றிமணி குறைந்துவிடாதபடி பார்த்துக்கொள்கிற உத்தியோகத்தைத் தானாகவே எடுத்துக்கொண்டவள்.

"ஏத்தா ரோசு, ஒன் உசுரு இப்ப எந்தம்பி நாக்குல நிக்கிது. அவன் நாக்கு வழுக்குச்சு, நீ போயிருவ. நேந்தத மனுசரு மாத்தக்கூடாது, பாத்துக்க," என்றாள்.

முதல் மாதம் மரிய ஜோசப் பெருமையாகத்தான் திரிந்தான். 'நெய்யை விட்ட மனுசன்' என்று ஊரே சொன்னது. இரண்டாம் மாதம் பேச்சைக் குறைத்தான். மூன்றாம் மாதம் வண்டி மாட்டோடு சண்டைக்கு நின்றான். யாராவது வெண்ணெய் உருக்குகிற வாசம் வந்தால், அந்தத் தெருவை விட்டு வாய்க்கால் வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். கொல்லையில் பசு நிற்கிறது, கறந்த பால் அடுத்த வீட்டுக்குப் போகிறது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பதை அவன் மாதிரி தினம் இரண்டு வேளை அனுபவித்தவன் இருக்க மாட்டான்.

ஒரு நாள் காலையில் ரோசம்மாள் சாணி அள்ளக் கொல்லைக்குப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். கன்றுக்குட்டி வயிறு முட்டக் குடித்துவிட்டு நுரை வாயோடு நின்றது. மரிய ஜோசப் குனிந்து அதன் மூஞ்சிக்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோய், கண்ணை மூடி, நீளமாக ஓர் இழுப்பு இழுத்தான்.

அவளைப் பார்த்ததும் களவாணி மாதிரி நிமிர்ந்தான். "மோந்து பாக்கமாட்டேன்னு நேரலையே," என்றான்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. உள்ளே போய் உட்கார்ந்ததும் அழுகை வந்தது. இந்த மனிதன் விடுகிற ஒவ்வொரு கவளமும் தன் கணக்கில்தானே விழுகிறது, உயிரோடு இருப்பதற்கு இப்படியா கூலி கொடுப்பது என்று மனசு அடித்துக்கொண்டது. எதையாவது செய்து அவன் நாக்குக்கு ஒரு நல்லது காட்டாமல் விடுவதில்லை என்று முந்தானையில் மூக்கைச் சிந்தினாள்.

எள்ளுருண்டை பிடித்தாள். பல் வலிக்கிறது என்றான். கடலை உருண்டை பிடித்தாள். அதற்கும் பல். கருப்பட்டிப் பணியாரம் சுட்டுக் கொடுத்தாள். "நல்லாத்தான் இருக்கு" என்று துக்க வீட்டில் சொல்கிற குரலில் சொன்னான். அவன் நாக்கு தேடியது இனிப்பை அல்ல என்று அவளுக்குப் பிடிபட்டது. வாயில் போட்டதும் வழுவழுவென்று கரைந்து தொண்டைக்குள் தானாக இறங்கும் அந்தச் சுகத்தைத்தான் அது தேடிக்கொண்டிருந்தது.

அடுத்த தை மாதம் அவன் குமுளிக்கு அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு போனபோது அவளும் வண்டியில் ஏறிக்கொண்டாள். சந்தை ஓரத்தில் ஒரு மலையாளத்து அம்மாள் பெரிய இரும்புச் சட்டியில் ஏதோ பொரித்துக்கொண்டிருந்தாள். நேந்திர வாழையான ஏத்தம்பழத்தை நீளவாக்கில் சீவி, மாவில் முக்கி, எண்ணெயில் விடுகிறாள். மரிய ஜோசப் எட்ட நின்றுகொண்டே விசாரணை நடத்தினான்.

"இதுல பாலு இருக்கா?"

"இல்லா."

"நெய்யி?"

"இல்லா. பழம், அரி, எண்ண. அத்ரேயுள்ளு," பழம், அரிசி, எண்ணெய் அவ்வளவுதான் என்று அந்த அம்மாள் கரண்டியை ஆட்டினாள்.

ஒன்றை வாங்கிக் கடித்தான். கடித்தவன் மெல்லுவதை மறந்து நின்றான். கல்யாணப் பந்தியில் நெய் விழும்போது வருகிற பழைய முகம் ஒரு கணம் வந்து போனது. ஒரு வருஷமாக அந்த முகத்தைக் காணாத ரோசம்மாள், தன் பங்கைத் தின்னாமல் அந்தச் சட்டிக்கு முன்னால் குந்திவிட்டாள். மாவு எவ்வளவு கெட்டி, எண்ணெய் எவ்வளவு காய்கிறது, எப்போது திருப்புகிறாள் என்று கண்ணாலேயே எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டாள். கடைக்கார அம்மாள் இவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, 'போய்த் தொலை' என்பது போல ஒரு சீப்பு காயும் பழமுமாக விலைக்குக் கொடுத்தாள்.

பார்த்தால் எளிதுதான். வீட்டு அடுப்பு வேறு மாதிரிச் சொன்னது. ஏத்தம்பழத்தைப் பத்திரப்படுத்திவிட்டு முதலில் கொல்லையில் பழுத்த நாட்டுப்பழத்தில் கை பழகிப் பார்த்தாள். அது எண்ணெயில் விழுந்ததும் கரைந்து கூழானது. மாவுக்கூடு மட்டும் மேலே மிதந்தது. இரண்டாம் தடவை ஏத்தம்பழம். இனிப்பாக இருக்கட்டும் என்று கருப்பட்டியை மாவில் தாராளமாகக் கரைத்துவிட்டாள். பழம் வேகுவதற்குள் மேல்மாவு கரிந்து அடுப்புக்கரி நிறத்தில் வந்தது. மரிய ஜோசப் அதையும் ஒரு வார்த்தை பேசாமல் தின்றான். அந்தப் பொறுமை அவளுக்கு இன்னும் கோபத்தை உண்டாக்கியது.

மூன்றாம் தடவை பச்சரிசியை ஊறவைத்து, விரலில் தேய்த்தால் நறநறப்பு தெரியாத வரை அம்மியில் மசிய அரைத்தாள். கருப்பட்டி கொட்டைப்பாக்களவு மட்டும். கல் உப்பு இரண்டு, தட்டிய ஏலம், ஒரு கை எள். தோலில் கறுப்புப் புள்ளி விழுந்து, அமுக்கினால் இன்னும் கொஞ்சம் எதிர்க்கிற பழமாகப் பார்த்து எடுத்தாள். கடலை எண்ணெயில் ஒரு சொட்டு மாவு விட்டதும், அது அடியில் தங்காமலும் துள்ளிக் குதிக்காமலும் நிதானமாக மேலே வந்தது. அதுதான் பக்குவம் என்று மாவில் முக்கிய பழத்தை விட்டாள். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று சொல்வார்கள். இந்த வீட்டில் பாலுக்கு வழியில்லாததால் எண்ணெயில் விழுந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

மரிய ஜோசப் கடித்தான். வெளியே மொறுமொறுவென்று உடைந்தது. உள்ளே பழம் உருகிப்போய் இருந்தது. அவன் கண் தானாக மூடியது. மறுநொடி திடுக்கிட்டுத் திறந்து, வாயைத் திறந்தபடியே முற்றத்துக்கு ஓடினான்.

"ஏ ரோசு! உள்ளுக்க நெய்ய வச்சுட்டியா? உண்மையச் சொல்லு! துப்பவா?"

"துப்புனீகன்னா தெரியும் சேதி! முழுங்குங்க மொதல்ல."

"சத்தியமா?"

"இங்கன வந்து பாருங்க." நெய்ப்பானையை எடுத்து அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். அதற்குள் ஒரு எட்டுக்கால் பூச்சி வலை கட்டி, முட்டையிட்டு, வசதியாக இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் முழுங்கினான். முழுங்கியவன் சட்டி காலியாகும் வரை எழுந்திருக்கவில்லை.

அன்று முதல் மரிய ஜோசப் மறுபடியும் மனிதனானான். மாட்டைத் திட்டுவதை விட்டு, வண்டியில் போகும்போது ஞானப்பாட்டு பாடினான். குமுளியிலிருந்து இறங்கும்போதெல்லாம் ஒரு தார் ஏத்தம்பழம் வண்டியில் இருக்கும். ஆனியில் பலாச்சுளையைக் கொட்டை எடுத்து அதே மாவில் பொரித்தாள் ரோசம்மாள். அந்த வாசம் கிழக்குத் தெருவைத் தாண்டிக் கோயில் வரை போனது. வாசம் போன இடத்துக்கெல்லாம் பேச்சும் போகும் அல்லவா? சவரியாயி வந்தாள்.

உட்கார்ந்தாள். ஒன்று கேட்டாள். மூன்று கொடுத்தார்கள். நான்காவதைத் தானே எடுத்துக்கொண்டாள். விரலைச் சப்பி முடித்துவிட்டுத்தான் வழக்கைத் தொடங்கினாள்.

"ஏலே சோசப்பு, இது நெய்யவிட நல்லா இருக்கேலே."

"ஆமாக்கா!" என்றான் அந்த அப்பாவி, வாயெல்லாம் பல்லாக.

"அப்ப நீ அந்தோனியாருக்கு என்னத்தக் குடுத்த? ஒண்ணக் குடுத்துட்டு, அதவிட ஒசத்தியா ஒண்ண வாங்கிக்கிட்ட. வலிக்காத நேர்ச்சை ஒரு நேர்ச்சையா? கடவுளோட ஆளு ஏமாளியாலே? அவரு பாட்டுக்கு, குடுத்ததத் திருப்பி எடுத்துக்கிட்டா?"

குடுத்தது எது என்று அவள் சொல்லவில்லை. ரோசம்மாளை ஒரு பார்வை மட்டும் பார்த்தாள். மரிய ஜோசப்பின் கையிலிருந்த அப்பம் பாதி வழியில் நின்றது.

"மதினி, நாலு தின்னீகளே, அதுக்கு அந்தோனியார்கிட்ட உத்தரவு வாங்கினீகளா?" என்று கேட்டாள் ரோசம்மாள்.

"நான் ஒண்ணும் நேந்துக்கலையேத்தா," என்று சவரியாயி நிதானமாக எழுந்து போனாள். ஊர்வாயை மூட உலைமூடி உண்டா? கிணற்றடியில் பாதிப் பேர் சவரியாயி பக்கம் பேசினார்கள். வேண்டுதல் என்றால் உடம்பு வாட வேண்டும், இவன் உடம்பு வளர்கிறதே என்றார்கள். மீதிப் பாதி, சொன்ன பண்டத்தை விட்டானா இல்லையா, அத்தோடு முடிந்தது என்றார்கள். இரண்டு கட்சியும் அப்பத்தை மாதிரி பார்ப்பதற்கென்று ரோசம்மாள் வீட்டுக்கு வந்துபோனது.

ஐப்பசி அடைமழையில் ரோசம்மாள் விறகை நனையாமல் ஒதுக்கப் போய்த் தான் நன்றாக நனைந்துவிட்டாள். அன்று சாயங்காலம் இரண்டு தும்மல், கொஞ்சம் நடுக்கம். மிளகு ரசம் வைத்துக் குடித்தால் போய்விடுகிற சங்கதி. மரிய ஜோசப்புக்கு உயிரே போய்விட்டது. வீட்டிலிருந்த மூன்று கம்பளியையும் அவள் மேல் போட்டு, அதன் மேல் வண்டிப் படுதாவையும் போட்டான். அவளுக்கு மூச்சு முட்டியது காய்ச்சலால் அல்ல. விடிந்ததும் அவள் எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள். உடம்பில் ஒன்றும் இல்லை. அவன் வாசலில் நின்று சொன்னான்:

"இனிமே பழ அப்பமும் வேணாம்."

"என்னது?"

"அக்கா சொன்னது சரிதான். குளிர் வந்துச்சா இல்லியா? அந்தோனியாரு கோடு காட்டுறாரு."

"மழையில நனஞ்சா தும்மல் வராம மத்தாப்பா வரும்?" என்று அவள் கத்தினாள். அவன் வண்டியைப் பூட்டினான். பழைய வாட்டம் அன்றைக்கே முகத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது.

ரோசம்மாள் ஒரு தட்டு அப்பம் பொரித்து, வாழை இலையால் மூடிக்கொண்டு நேரே சாமியாரிடம் போனாள். சர்வேசுரனுக்குத் தோத்திரம் சொல்லி முட்டி போட்டு, வழக்கை முன்னும் பின்னுமாகக் கொட்டினாள். சாமியார் தாடியைத் தடவிக்கொண்டு கேட்டார். சாட்சிப் பொருளைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்று இலையை விலக்கினார். ஒன்று தின்றார். சந்தேகம் தீரவில்லை போல, இன்னொன்றும் தின்றார்.

"நேர்ச்சை என்பது வாயால் சொன்னதுதான். அவன் சொன்னது பால், தயிர், மோர், வெண்ணெய், நெய். அதற்குமேல் ஒரு பொருளும் அதில் இல்லை. தாராளமாகச் சாப்பிடலாம் என்று நான் சொன்னதாகச் சொல்," என்றார். தட்டு அங்கேயே தங்கிவிட்டது.

தீர்ப்பைக் கேட்ட மரிய ஜோசப் தலையை ஆட்டினான். "சாமியாரு படிச்சவுக. சட்டம் சொல்றாக. அவுகளுக்கு ஒரு பொண்டாட்டி இருந்து, அவ கண்ணு முன்னால வெறச்சுக் கெடந்திருந்தா அப்பத் தெரியும்."

ரோசம்மாளுக்கு அவன்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்த ஆத்திரத்துக்கு அடியில், இப்படி ஒருவன் தனக்காகப் பயப்படுகிறானே என்று ஒரு குளிர்ச்சியும் இருந்தது. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு நாலு நாள் யோசித்தாள். சண்டை போட்டுப் பயனில்லை, சட்டம் பேசியும் பயனில்லை. இந்த மனிதன் தலை வணங்குகிற இடம் ஒன்றே ஒன்றுதான் என்று கண்டுகொண்டாள்.

செவ்வாய்க்கிழமை அந்தோனியாரின் கிழமை. ஊர் எல்லையில் அந்தோனியாருக்கு இருக்கிற சின்னக் கோயிலான குருசடியில் சாயங்காலம் செபம் சொல்லி, சனங்களுக்கு ரொட்டி கொடுப்பார்கள். செபம் முடிந்ததும் ரோசம்மாள் முன்னால் போனாள். முட்டி போடவில்லை. கோர்ட்டில் நிற்பதுபோல இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு நின்றாள்.

"அந்தோனியாரே! என்னைய எந்திரிக்க வச்சீரு, நன்றி. ஆனா எந்திரிச்சவ நானு, நேர்ச்சை செலுத்துறது இந்த மனுசன். இது எந்த ஊரு நாயம்? அதனால இன்னிக்கு நானும் நேந்துக்கிறேன். எனக்கு உசுருள்ள மட்டும் வாராவாரம் செவ்வாக்கிழம எம் புருசனுக்கு எங்கையால பழம் பொரிச்சுக் குடுப்பேன். வயிறு நெறைய, மனசு நெறைய. அவுக ருசிச்சுத் திங்கணும். ஒரு வாரம் தவறுச்சுன்னா, நீரு குடுத்த உசுர நீரே எடுத்துக்கிரும்!"

ஒரு நிமிஷம் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு முன்வரிசையில் ஒரு கிழவருக்கு விளங்கிக் குலுங்கத் தொடங்கினார். அவரிடமிருந்து பக்கத்தில் இருந்தவருக்கு விளங்கியது. அப்படியே ஒவ்வொருவராக விளங்கி, கடைசியில் மரிய ஜோசப்புக்கும் விளங்கியது. தின்றால் தன் நேர்ச்சை போய்விடுமோ என்று பயம். தின்னாவிட்டால் அவள் நேர்ச்சை நிச்சயம் போய்விடும். நெய்யை விட்டபோதுகூட அவன் முகம் இவ்வளவு பாடுபடவில்லை.

சவரியாயி வாயைத் திறந்தாள், மூடினாள், மறுபடியும் திறந்தாள். "ஏத்தா, இது... இது அவனக் கட்டாயப்படுத்துறதுல்ல?"

"மதினி, நேந்தத மனுசரு மாத்தக்கூடாதுன்னு நீங்கதான சொன்னீக?"

வக்கீலம்மா ரொட்டியை வாங்கிக்கொண்டு ஓரமாகப் போய் நின்றாள்.

அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் ரோசம்மாள் பொரித்து இலையில் வைத்தாள். மரிய ஜோசப் உட்கார்ந்து, கொயினா மாத்திரை முழுங்குகிற முகத்தோடு ஒன்றை மென்றான்.

"ருசிச்சுத் திங்கணும்னு நேந்திருக்கேன்," என்றாள்.

"ருசிச்சுத்தான் திங்கிறேன்."

"மூஞ்சியில காணோமே. இப்பிடித் தின்னா அந்தோனியாரு கணக்குல சேக்க மாட்டாரு. எனக்குத்தான் ஆபத்து."

அவன் முறைத்தான். முறைப்பு பாதியிலேயே உடைந்து சிரிப்பாகி, வாயிலிருந்த மாவு இலையெல்லாம் தெறித்தது. சிரித்துக்கொண்டே இருந்தவனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"நீ போயிருவியோன்னு பயமா இருக்குடி," என்றான்.

"நீங்க இங்கன உக்காந்து கொஞ்சங் கொஞ்சமாச் சாகுறதப் பாக்கவா நான் எந்திரிச்சேன்?" என்று அவள் இன்னும் இரண்டை வைத்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு தின்றான்.

அதற்குப் பிறகு எட்டு வருஷம் செவ்வாய்க்கிழமை தவறவில்லை. ஏத்தம்பழம் வராத வாரம் மொந்தன் பழம், அதுவும் இல்லாத வாரம் பலா. ஒரு தரம் கொய்யாவைக்கூட விடவில்லை. அது வாயைச் சுட்டதே தவிர வேறு நன்மை செய்யவில்லை. மரிய ஜோசப்புக்குத் தலை நரைத்து, தொந்தி விழுந்தது. நெய் பக்கம் அவன் திரும்பவே இல்லை. சவரியாயி, சண்டைக்கு வருகிற சாக்கில் செவ்வாய்தோறும் வந்து தன் நாலைத் தின்றுவிட்டுப் போனாள். குருசடி விளக்குக்கு எண்ணெய் விடுகிற பொறுப்பையும் அவள் எடுத்துக்கொண்டிருந்தாள். அந்தோனியாருக்குத் தன்னை விட்டால் ஆள் இல்லை என்பது அவள் நினைப்பு.

உலக யுத்தக் காலத்தில், நாற்பத்துமூன்றில், அரிசிக்குக் கூப்பன் வந்தது. கடலையை வியாபாரிகள் மூட்டை மூட்டையாகக் கட்டிக்கொண்டு போனதில் ஊர்ச் செக்கு நின்றுபோனது. ஒரு செவ்வாய்க்கிழமை வீட்டில் பழம் இருந்தது, அரைப்படி அரிசி இருந்தது, எண்ணெய் சொட்டு இல்லை. மரிய ஜோசப் காலையில் கலயத்தோடு கிளம்பினான். தெருத்தெருவாகக் கேட்டான். யாரிடமும் இல்லை. உத்தமபாளையம் வரை நடந்தான். பொழுது சாயத் திரும்பி வந்தபோது கலயம் போன மாதிரியே வந்தது. சுவரோரமாகக் குந்தி, தலையில் கையை வைத்துக்கொண்டான்.

"ஒரு வாரந்தான? அந்தோனியாரு என்ன கந்துவட்டிக்காரரா?" என்றாள் ரோசம்மாள்.

அவன் நிமிரவில்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இவனை ஒரு கட்டிலிருந்து அவிழ்த்துவிடுவதாக நினைத்துக்கொண்டு, அதைவிட இறுக்கமான ஒன்றைத் தன் கையாலேயே கட்டியிருக்கிறாள். தன் உயிர் இவன் நாக்கில் நிற்கிறது என்று அவள் பட்ட பாட்டை, இவன் இன்று விடிந்ததிலிருந்து கால் தேயப் பட்டிருக்கிறான். விளையாட்டாகக் கெட்டிக்காரத்தனம் பண்ணிவிட்டோமே என்று முதல் தடவையாக வருத்தப்பட்டாள்.

அந்த நேரம் சவரியாயி வந்தாள். வயதாகி முதுகு கூனிவிட்டது. முந்தானைக்குள்ளிருந்து ஒரு பித்தளைச் செம்பை எடுத்து அடுப்பு மேடையில் வைத்தாள். முக்கால் செம்பு தேங்காய் எண்ணெய்.

மரிய ஜோசப் எழுந்தே விட்டான். "ஏதுக்கா?"

ரோசம்மாள் செம்பைப் பார்த்தாள். அது எந்தச் செம்பு என்று ஊருக்கே தெரியும்.

"மதினி, இது குருசடி விளக்குக்கு வச்சிருந்த எண்ணெயில்ல? அந்தோனியாருக்குச் சேரவேண்டியதாச்சே!"

"ஆமா, அதுக்கென்ன இப்ப? ஒரு பொழுது இருட்டுல இருந்தா அவரு பயந்துக்கிருவாரா?" சவரியாயி அடுப்பு முன்னால் மூச்சு வாங்க உட்கார்ந்தாள். "நீ போயிட்டா எனக்குத்தான் இங்கன யாரு இருக்கா? பேசாமப் பழத்த உரி."

ரோசம்மாள் பழத்தை உரித்தாள்.